பிரித்துத் தைத்த பட்டுப் போர்வை

கால் விரல்கள் மரத்துப்போனதற்கு முதலில் தையல் மிஷினைத்தான் திட்டினேன். வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. நாள் முழுக்கப் பெடலை மிதிக்கிறவளுக்குக் கால் மரத்துப்போகாமல் வேறென்ன ஆகும் என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், காலில் செருப்பு இருக்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான்காம் நாள் கடைப்படி இறங்கும்போது இரண்டு முட்டியும் மடங்கித் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் அமலா. வயது நாற்பத்து மூன்று. காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்கு ரவிக்கை தைக்கிறேன். கணவர் சேவியர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் ஜெனி, கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்கு வந்த நோயின் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. என்னைப் போல இன்னொருத்தி எங்கேயாவது எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் டாக்டர் உடம்பில் சத்து இல்லை என்று சொல்லி ஊசி போட்டார். இரண்டாவது டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை. "மாதவிலக்கு நிக்கிற வயசுமா, அப்படித்தான் இருக்கும்" என்றார். தலைமுடி கொட்டுவதிலிருந்து கால் மடங்குவதுவரை எல்லாவற்றுக்கும் பெண்களிடம் இதே பதிலைச் சொல்கிறார்கள். அன்று மாலை சீப்பு கையிலிருந்து நழுவியது. மூன்றாவதாக ஒரு இளம் பெண் டாக்டரிடம் போனோம். அவர் ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் துள்ள வேண்டுமாம். என் கால் சும்மா தொங்கியது. மறுபடியும் தட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை மேஜையில் வைத்தார்.

"ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க பாக்கலாம்."

பத்தொன்பதில் மூச்சு முடிந்துவிட்டது.

"காலுதானே டாக்டர் சரியில்ல? மூச்ச எதுக்கு எண்ணச் சொல்றீங்க?" என்று சேவியர் கேட்டார்.

"கால்ல ஆரம்பிக்கிறது மேல ஏறும். நெஞ்சு வரைக்கும் வந்துட்டா மெஷின் வெச்சுத்தான் மூச்சு விடணும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க."

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவிலேயே போய்ச் சேர்ந்தோம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னைப் பிழைக்க வைத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். எங்களை அலைக்கழித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார்கள். பன்னிரண்டில் ஏழுக்குப் போகச் சொன்னார்கள். ஏழாம் அறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் சுற்றவில்லை. சேவியர் அதை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே தள்ளினார். காப்பீட்டு அட்டையில் அமலா என்பதை அமுலு என்று அடித்திருந்தார்கள். அமுலுவும் அமலாவும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அவர் இரண்டு நாள் காஞ்சிபுரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினார். அந்த இரண்டு நாளில் என் கைகளும் போய்விட்டன.

நரம்புச் சோதனை என்று ஒன்று செய்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது. வலி என்பதைவிட எரிச்சல் என்று சொல்லலாம். பிறகு ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வைத்து, முதுகுத் தண்டுக்குள் ஊசி விட்டு, அங்கே இருக்கிற நீரை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து பெரிய டாக்டர் வந்தார்.

"இதுக்குப் பேரு ஜி.பி.எஸ். முழுசா சொன்னா கில்லன்-பாரே. உங்களுக்கு நடுவுல பேதி, காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

வந்திருந்தது. கால் மரத்துப்போவதற்குப் பத்து நாள் முன்னால். இரண்டு நாளில் நின்றுவிட்டதால் மறந்தும் போயிருந்தேன்.

"அந்தக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உங்க உடம்போட சக்தி, ஆள் தெரியாம உங்க நரம்பையே தாக்குது. ஒயர் மேல இருக்குற ரப்பரை உரிச்சுட்டா கரண்ட் ஒழுங்கா போகாதுல்ல, அப்படி. ரப்பர் திரும்ப வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும்."

"எவ்ளோ மெதுவா டாக்டர்? எனக்கு வைகாசில பதினோரு ரவிக்கை இருக்குது" என்றேன்.

அவர் தன் விரல்களை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். நான் முழுபலத்தோடு அழுத்தினேன். "ம், அழுத்துங்க" என்றார் மறுபடியும். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, மற்றவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மணிக்கொரு தரம் யாராவது வந்து எண்ணச் சொல்வார்கள். பத்தொன்பது பதினான்கானது. பதினான்கு பன்னிரண்டானது. வாசலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெனி என் உதட்டைப் பார்த்துத் தானும் எண்ணுவாள். பன்னிரண்டிலேயே இரண்டு நாள் நின்றது. பிறகு பதினைந்து வந்தது. மெஷின் வைக்க வேண்டியிருக்காது என்றார்கள். ஜெனி கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு பெண்கள் வார்டு. ஆபத்து கடந்துவிட்டது, இனி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள முடியாதவளிடம் வந்து சந்தோஷமாக இரு என்கிறார்கள். ஜெனி சோறு ஊட்டுவாள். ரசம் கழுத்தில் வழியும். தலை சீவி விடுவாள். வகிடு கோணலாக இருப்பது எனக்கே தெரியும். அதற்கும் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் திரும்பச் சீவினாள்.

ஒரு நாள் காலை வாடிக்கைக்காரி ஒருத்தி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அமலாம்மா, என் அளவு ரவிக்கை உங்க கடையிலயே இருக்குதே. வேற எடத்துல குடுக்கணும்னாலும் அது வேணும்ல? கோச்சிக்காதீங்க."

அவள்மேல் தப்பில்லை. அவள் மகளுக்குக் கல்யாணம். ஆனால் படுக்கையில் மரக்கட்டை போலக் கிடந்துகொண்டு, என் வேலை வேறு கைக்குப் போவதற்கு நானே வழி சொல்ல வேண்டியிருந்தது. "மூணாவது தட்டு, நீலப் பை" என்று சேவியரிடம் சொன்னேன்.

அதே வாரம் கைப்பயிற்சி தரும் ஷாலினி வந்தாள். உருட்டச் சொல்லி மாவு மாதிரி ஒரு பசை, பொறுக்கச் சொல்லி ஒரு கிண்ணம் பட்டாணி. மூன்று பட்டாணி பொறுக்க ஒரு காலைப்பொழுது ஆனது. நான்காவது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. கிண்ணத்தையே தட்டிவிட்டேன்.

"பட்டாணி பிடிக்கலன்னா, வீட்ல கையால செய்ற வேலை எதையாவது கொண்டாரச் சொல்லுங்க. விரலுக்கு வேலை வேணும். அவ்ளோதான்" என்றாள் அவள், குனிந்து பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டே.

பருத்தித் துணித் துண்டு நாலு கொண்டு வரச் சொன்னேன். சேவியர் மறுநாள் ஒரு மூட்டையோடு வந்தார். நீலப் பையைத் தேடும்போது பரணில் கிடைத்ததாம்.

முடிச்சை அவிழ்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் நான் தைக்க ஆரம்பித்துவிட்டுத் தூக்கிப் போட்ட ஒட்டுப் போர்வை. ரவிக்கை வெட்டியதில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளைச் சேர்த்து, சாண் அளவு சதுரங்களாக வெட்டி, வரிசைக்குப் பத்தாகப் பன்னிரண்டு வரிசை. நான் தைக்கிற பட்டெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போகிறதே, என் கட்டிலில் ஒன்று கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டு ஆரம்பித்தது. ஏழு வரிசை இணைத்ததும் துணி அப்பளம் போல மேடும் பள்ளமுமாகத் தூக்கிக்கொண்டது. நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டேன். மூன்று தரம் பிரித்துத் தைத்தும் அப்படியேதான் நின்றது. ஊருக்கெல்லாம் சுருக்கமில்லாமல் தைத்துக் கொடுக்கிறவள் என்ற பெயரோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மூட்டை கட்டிவிட்டேன்.

"இன்னாபா இது? பருத்தி கேட்டா பட்ட எடுத்தாந்துக்கினு வர்ற. பட்டு வழுக்கும்னு தெரியாதா உனக்கு? காஞ்சிபுரத்துக்காரன்தானே நீ?"

"கண்ணுல பட்டுச்சு, எடுத்தாந்தேன். வேணான்னா எடுத்துக்கினு போறேன். அதுக்கு ஏன் கத்தற?" என்றார் அவர்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, அத்த இப்படிக் காட்டுங்க."

அவள் பெயர் கனகம். எங்கள் ஊர்தான். நெசவுக் குடும்பம், அவளும் அவள் கணவரும் தறியில் மாறி மாறி உட்காருகிறவர்கள். மாகறல் கோவிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் வண்டி சறுக்கி வலது தோள்மேல் விழுந்தாள். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் கழுத்திலிருந்து கைக்கு வருகிற நரம்புகள் அறுந்துவிட்டன. வலது கை தோளிலிருந்து விரல்வரை தொங்கியது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அங்கே ஒட்டுப் போடுவார்கள், ஆனால் கை எந்த அளவுக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். என்னைவிட ஏழு வயது சின்னவள். வார்டில் யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

சேவியர் துணியை அவள் மடியில் போட்டார். இடது கை விரல்களால் ஒவ்வொரு சதுரத்தையும் நெருடினாள்.

"இது தூக்கிக்காம இன்னா பண்ணும்? ஒரு துண்டுல பாவு நெட்டுக்க போவுது, பக்கத்துத் துண்டுல குறுக்கால போவுது. பாவு நூலு முறுக்கு ஏத்துனது, ஊடை நூலு தொளதொளன்னு இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி இழுபடுமா? டெய்லர்தானேக்கா நீங்க?"

தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல் பாவு. குறுக்கே ஓடுகிற நூல் ஊடை. அது தெரியாதவள் இல்லை நான். ரவிக்கை வெட்டும்போது நேர், கிராஸ் பார்க்காமல் கத்திரி வைத்ததே இல்லை. துண்டுத் துணிதானே என்று நிறத்தையும் பூவையும் மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறேன். மிஷினைக் கழற்றினேனே தவிர, துணியைத் திருப்பிப் பார்க்கவில்லை. பத்து வருடமாகத் தெரியாத காரணத்தை, ஒரு கை விளங்காத ஒருத்தி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"யாரும் உன்ன கேக்கல" என்றேன்.

"கேக்காமத்தான் சொல்றேன். பாதி பிரிச்சுத் திருப்பி வெக்கணும்."

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் ஷாலினி வந்து பட்டாணிக் கிண்ணத்தை வைத்தாள். நான் அதைத் தள்ளிவிட்டு மூட்டையை எடுத்துத் தரச் சொன்னேன்.

கத்திரியோ பிளேடோ வார்டில் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு ஊக்கை அனுமதித்தார். என் விரல்களால் ஊக்கைப் பிடிக்க முடியவில்லை. ஜெனி அதன் வால்பக்கத்தில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். அப்படியும் ஊக்கு பிடித்தால் துணியைப் பிடிக்க முடியவில்லை. துணியைப் பிடித்தால் ஊக்கு விழுந்தது. ஐந்தாவது தரம் விழுந்தபோது அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கனகம் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். என் எதிரே உட்கார்ந்து இடது கையால் துணியின் ஒரு ஓரத்தைப் பிடித்து, மறு ஓரத்தைத் தன் முட்டிக்கு அடியில் போட்டு இறுக்கினாள்.

"ம், குத்துங்க. தையலப் பாத்துக் குத்துங்க, துணியக் குத்தாதீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

முதல் நாள் நாலு தையல் பிரித்தோம். வரிசை இல்லை, தையல். அவள் இழுத்துப் பிடிப்பதில் நான் ஒரு நாளும் திருப்திப்பட்டதில்லை. நான் குத்துவதில் அவளும் திருப்திப்பட்டதில்லை. நான் அவசரப்பட்டு ஒரு மயில்கழுத்து நிறத் துண்டைக் கிழித்தேன். "இது நெய்ய ஒருத்தன் எத்தினி நாள் உக்காந்திருப்பான், தெரியுமா?" என்றாள். நான் ஊக்கை விட்டெறிந்தேன். அது வார்டின் கோடிவரை போனது. மறுநாள் மறுபடியும் உட்கார்ந்தோம். இடையிடையே அவள் வலது கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கும். இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள், நழுவிய முந்தானையை எடுத்துப் போடுவதுபோல.

ஒரு நாள் அவள் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஷாலினி என்னிடம், "உங்க பிடி நல்லா வந்துருச்சு. ரெண்டு வாரத்துல கத்திரி பிடிப்பீங்க" என்றாள். நான் கனகத்தைப் பார்க்கவில்லை. துணி மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு அவளே இறுக்கிப் பிடித்தாள்.

"உங்களுக்கு வளரும்னு சொல்லிட்டாங்க. நல்லதுதான்க்கா" என்றாள்.

அடுத்த தையலைக் குத்தினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த இருபத்தாறாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கு முந்தின நாள்தான் கடைசித் துண்டைப் பிரித்து முடித்திருந்தோம். கனகத்தை ஆபரேஷனுக்காக வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் போன் நம்பரை வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆகாது. தினமும் நெருப்பை மிதித்ததுபோலப் பாதம் எரியும். உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். இடது பாதம் நுனி தூக்காமல் தரையில் இழுபட்டது. கடையைச் சாத்தியே வைத்திருந்தோம். ஊசியில் நூல் கோக்க ஒரு மணி நேரம் ஆகும். கோத்ததும் கைநடுக்கத்தில் உருவிக்கொண்டு வரும். சேவியர் ஆட்டோ எடுக்கும் முன் ஐந்து ஊசியில் நூல் கோத்து, வரிசையாகத் தலையணையில் குத்திவிட்டுப் போவார். அதைச் செய் என்று நான் சொல்லவில்லை. ஐந்தும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத் திருப்பி வைத்தேன். சில துண்டுகள் திருப்பினால் பூ படுத்துக்கொண்டது. படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். கையால்தான் தைத்தேன்; மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை. கீழே பழைய பருத்திப் புடவை இரண்டை வைத்து மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டேன். தையல் ஒரே அளவில் இல்லை. ஒரு காலத்தில் இப்படித் தைத்துக் கொடுத்த உதவிப் பெண்ணை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். ஆடி, ஆவணி, ஐப்பசி என்று போய், மார்கழி முதல் வாரத்தில் கடைசி முடிச்சைப் போட்டேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து வலித்தது. விரித்துப் பார்த்தேன். எங்கும் தூக்கவில்லை.

ஜெனி படம் எடுத்தாள். சேவியர் போர்த்திப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வேர்வையோடு எழுந்தார். "நல்லா இருக்குதுமா. ஆனா நம்ம ஊருக்கு இது ஆவாது" என்றார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் கனகத்திடம் காட்டலாம் என்று அவரோடு ஆட்டோவில் போனேன். திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் வீடு. அந்தத் தெருக்காரர்களுக்கு இருபது வருடமாக ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் வாசலோடு சரி. கனகம் என்னை நேராகத் தறி போட்டிருந்த அறைக்குக் கூட்டிப்போய், தன் நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்தாள். அவள் கணவர் நெய்துகொண்டிருந்தார். ஆபரேஷன் நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தோளில் லேசாக ஒரு துடிப்பு வந்திருக்கிறதாம். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

போர்வையைக் கட்டிலில் விரித்து, முன்பக்கத்தைப் பார்த்து, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். இடது கை விரல்கள் வரிசை வரிசையாகப் போயின.

"ஏழாவது வரிசைல ஒண்ணு இன்னும் குறுக்காலயே இருக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா உட்டீங்க?"

"தெரிஞ்சேதான். இனிமே எதையும் பிரிக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். வார்டில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு போர்வையை ஒரு கையாலேயே நாலாக மடித்தாள். முனை சேராதபோது முகவாயால் அழுத்திக்கொண்டாள். நான் உதவப் போகவில்லை. மடித்ததை நாற்காலியின் வலது கைப்பிடிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்தாள். தோள் இறங்கிச் சமமானது. முகத்திலிருந்து ஏதோ ஒன்று விலகியது. அதுவரை அவளுக்கு வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தலையாணி வெச்சா நழுவுது. இது சரியா இருக்குதுக்கா" என்றாள்.

நான் காட்டத்தான் கொண்டுபோனேன். கொடுக்கக் கொண்டுபோகவில்லை. அவள் கேட்கவும் இல்லை. காபி வந்தது, குடித்தோம். தறிச் சத்தத்தில் பெரிதாக ஒன்றும் பேச முடியவில்லை. வெளியே சேவியர் ஹாரன் அடித்தார். நான் கைத்தடியை ஊன்றி எழுந்தேன்.

"துவைச்சா சாயம் ஒண்ணோட ஒண்ணு ஏறிக்கும். தண்ணில போடாத. டிரைவாஷ்லதான் குடுக்கணும், சொல்லிட்டேன்" என்றேன்.